குதிரை ஆண்டில் ஆறு நாள்

ஜனவரி 29, வியாழன். கியோட்டோ

"அத்தை, வர்றது குதிரை வருஷம். நீங்களும் குதிரை, நானும் குதிரை. இதை விட்டா 2038தான்" என்று அண்ணன் மகள் மார்கழியில் போன் செய்தபோது எனக்குப் பாதிதான் புரிந்தது. அவள் கியோட்டோவில் முதுகலை படிக்கிறாள். அவளுக்குப் பரீட்சை முடிந்திருந்தது, எனக்குக் கொஞ்சம் லீவு மிச்சம் இருந்தது. இன்று கன்சாய் விமான நிலையத்தில் இறங்கி, ஹருகா ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் தூங்கி, கியோட்டோவில் கண் விழித்தேன்.

பன்னிரண்டு விலங்குக் கணக்குக்கு இங்கே எட்டோ என்று பெயர். எட்டோ ஒன்பதோ என்று நான் கேட்டதற்கு அவள் சிரிக்கவில்லை. எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், காட்டுப்பன்றி. சீனர்கள் வீட்டுப்பன்றியை வைத்த இடத்தில் இவர்கள் காட்டுப்பன்றியை வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. சீனாவில் விலங்கு மாறுவது சந்திரப் புத்தாண்டு அன்று, இந்த முறை பிப்ரவரி 17. ஜப்பான் 1873இல் ஐரோப்பிய நாட்காட்டிக்கு மாறியது. அதிலிருந்து இங்கே விலங்கும் ஜனவரி 1ஆம் தேதியே மாறிவிடுகிறது. ஆக, இன்று பெய்ஜிங்கில் பாம்பு, கியோட்டோவில் குதிரை. என் மருமகள் பிறந்தது 2002 ஜனவரியில். சீனாவுக்குப் போனால் அவள் பாம்பு. "அதனாலதான் இங்க படிக்க வந்தேன்" என்கிறாள்.

ஸ்டேஷன் கடைகளில் புத்தாண்டுச் சரக்கு இன்னும் தீரவில்லை. களிமண் குதிரை, மரக் குதிரை, குதிரை போட்ட மிட்டாய் டப்பா. எனக்குப் பிடித்தது ஒரு மரத்துண்டு. ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்க ஆட்டத்தின் காய் வடிவத்தில் உள்ளங்கை அளவு, அதில் குதிரை என்ற எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி எழுதியிருந்தது. ஹிதாரி உமா, அதாவது இடக் குதிரை. வடக்கே தெந்தோ ஊரில் ஷோகிக் காய் செய்கிறவர்களிடமிருந்து வருகிற பொருள். 'உமா' என்றால் குதிரை. அதைத் திருப்பிப் படித்தால் 'மாஉ', அதாவது ஆடுவது. ஆட்டமும் பாட்டமும் நல்ல நாளில் வருவது என்பதால் இது நல்ல சகுனமாம். குதிரையில் இடப்பக்கமாக ஏறினால் விழமாட்டார்கள் என்றும் ஒரு விளக்கம் இருக்கிறது. கடைக்காரர் இரண்டையும் சொன்னார். எதை நம்புகிறீர்கள் என்று கேட்டதற்கு விலையைச் சொன்னார்.

விடுதி தெமாச்சியானகி பக்கம், ஆற்றை ஒட்டிய சந்தில். கணவன் மனைவி இரண்டு பேர் நடத்துகிறார்கள், நான்கே அறை. விடுதி நடத்தும் அம்மாளை ஒகாமிசான் என்று கூப்பிட வேண்டும். கோதாத்ஸு என்று மேஜைக்கு அடியில் ஹீட்டர் வைத்து, மேலே மெத்தை போர்த்தி வைத்திருக்கிறார்கள். காலை உள்ளே விட்டவள் இரவுச் சாப்பாடு வரை எடுக்கவில்லை.

ஜனவரி 30, வெள்ளி. கிஃபுனே

எய்சான் சிறு ரயிலில் அரை மணி நேரம் மலைக்குள், பிறகு பஸ். பஸ்ஸை ஒரு நிமிடத்தில் விட்டுவிட்டு, பனிச் சேற்றில் இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். செருப்புக் கடையில் "இதுல போகலாம் மேடம்" என்று தலையில் கட்டிய ஷூவுடன் இரண்டு முறை சறுக்கினேன். ஒருமுறை விழுந்தேன்.

கிஃபுனே தண்ணீர்க் கடவுளின் ஷின்டோ கோயில். சிவப்பு விளக்குகள் வரிசை கட்டிய படிகளைப் படம் எடுக்கத்தான் கூட்டம் வருகிறது. நாங்கள் வந்தது மேலே நிற்கும் இரண்டு வெண்கலக் குதிரைகளுக்காக. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. மழை வேண்டுமானால் அந்தக் காலப் பேரரசர் இங்கே கறுப்புக் குதிரையை அனுப்புவார், மழை நிற்க வேண்டுமானால் வெள்ளைக் குதிரையை. கார்மேகமும் வெண்மேகமும் போல என்று நினைத்தால் மறக்காது. உயிர்க் குதிரை எல்லோருக்கும் கட்டுப்படியாகுமா? போகப் போகப் பலகையைக் குதிரை வடிவில் வெட்டிக் கொடுத்தார்கள். பிறகு பலகையில் குதிரைப் படம் வரைந்தால் போதும் என்றானது. ஜப்பான் கோயில்களில் வேண்டுதல் எழுதித் தொங்கவிடும் மரப் பலகை எமா. 'எ' என்றால் படம், 'மா' என்றால் குதிரை. இப்போது அதில் எந்தப் படம் இருந்தாலும் பெயர் எமாதான். பூனை படம் போட்டாலும் படக்குதிரை!

நம் ஊர் ஐயனார் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு மண் குதிரை செய்து வைக்கிறோமே, அதே கணக்கு என்று சொன்னேன். "ஆனா நம்ம குதிரை இன்னும் குதிரையாவே நிக்குது அத்தை, இவங்க அதைத் தட்டையாக்கிட்டாங்க" என்றாள். இதைத் தன் ஆய்வேட்டில் எழுதச் சொன்னேன். அவள் படிப்பது நீரியல்.

ஜோசியச் சீட்டு ஒன்றும் வாங்கினோம். வெற்றுத் தாள்தான், ஊற்று நீரில் மிதக்கவிட்டால் எழுத்து தெரியும். எனக்கு வந்ததில் "பயணம்: நன்று, அவசரம் வேண்டாம்" என்றிருந்தது. பஸ்ஸை விட்ட பிறகு சொல்லி என்ன பயன்.

ஜனவரி 31, சனி. அகாஷி

இன்றைக்குக் கோயிலே இல்லை. குதிரையும் இல்லை. ஆனால் ஆறு நாளில் எனக்கு மிகவும் பிடித்த நாள் இதுவாகத்தான் இருக்கப்போகிறது.

ஒசாகாவில் ஹன்ஷின் ரயில் பிடித்து மேற்கே போகும்போது கோஷியென் என்ற ஸ்டேஷன் வந்தது. பள்ளிப் பையன்களின் பேஸ்பால் போட்டிக்குப் புகழ்பெற்ற மைதானம். கட்டியது 1924இல். அந்த ஆண்டின் பெயரையே மைதானத்துக்கு வைத்துவிட்டார்கள். ஆண்டுக்குப் பெயரா என்று கேட்டேன். அப்போதுதான் என் மருமகள் முழுக் கணக்கையும் விரித்தாள்.

பன்னிரண்டு விலங்கு ஒரு சக்கரம். அதோடு பத்துப் பெயர் கொண்ட இன்னொரு சக்கரமும் சேர்ந்து சுற்றுகிறது. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்து. ஒவ்வொன்றிலும் அண்ணன் ஒன்று, தம்பி ஒன்று. அண்ணனுக்கு 'எ', தம்பிக்கு 'தோ'. எட்டோ என்ற பெயரே அந்த அண்ணன் தம்பியிலிருந்து வந்ததுதான், விலங்குகளுக்கு அதில் பங்கே இல்லை. பத்தும் பன்னிரண்டும் சேர்ந்து சுற்றினால், தொடங்கிய இடத்துக்குத் திரும்ப அறுபது ஆண்டு ஆகும். 1924 அந்த அறுபதில் முதலாவது, மர அண்ணனும் எலியும் சேர்ந்தது. எழுத்தை வேறு விதமாக வாசித்தால் அதுவே கோஷி.

அறுபது என்றதும் எனக்குப் பிரபவ, விபவ என்று வாய் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. ரயிலில் எதிரே இருந்த பாட்டி ஏதோ மந்திரம் என்று நினைத்திருக்க வேண்டும், கையைக் கூப்பினார். நம் கணக்கில் வரும் சித்திரையில் பிறப்பது பராபவ. போன பராபவ 1966இல் வந்தது. வியாழன் சூரியனைச் சுற்றப் பன்னிரண்டு ஆண்டு ஆகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு நம் நாட்டிலும் சீனாவிலும் ஆளுக்கொரு சக்கரம் செய்திருக்கிறார்கள். அறுபது முடிந்தால் நாம் அறுபதாம் கல்யாணம் செய்கிறோம். இவர்கள் கான்ரெகி என்று சொல்லிச் சிவப்புக் கையில்லாச் சட்டை போட்டுவிடுகிறார்கள். மறுபடி குழந்தையாகிறார்களாம்.

"அப்படின்னா 2026க்கு என்ன பேரு?" என்றேன்.

"ஹினோஎ உமா. நெருப்பு அண்ணன், குதிரை" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "அதைப் பத்தி ஒகாமிசான்கிட்ட கேக்காதீங்க, சரியா?"

கேட்காதே என்றால் எனக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

அகாஷிக்கு வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஜப்பானியர் ஒரு நாளைப் பன்னிரண்டாகப் பிரித்து ஒவ்வொரு பொழுதுக்கும் இதே விலங்குப் பெயரை வைத்தார்கள். நள்ளிரவு எலி, நடுப்பகல் குதிரை. திசைக்கும் அப்படியே, வடக்கு எலி, தெற்கு குதிரை. இன்றும் ஜப்பானியில் நண்பகலுக்கு ஷோகோ, சரியான குதிரை. முற்பகல் கோசென், பிற்பகல் கோகோ. குதிரைக்கு முன், குதிரைக்குப் பின். நாம் கி.மு., கி.பி. போடுவது போல இவர்கள் தினமும் கு.மு., கு.பி. போட்டுக்கொண்டிருக்கிறார்கள், யாரும் கவனிப்பதில்லை. வடக்கு தெற்காக ஓடும் தீர்க்கக்கோட்டுக்கு ஷிகோசென், எலிக்குதிரைக் கோடு. ஜப்பான் முழுவதற்கும் நேரம் சொல்லும் 135 பாகைக் கோடு இந்த அகாஷி வழியாகத்தான் போகிறது. 1886இல் சட்டம் போட்டு, 1888 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் இதுதான் நேரம்.

ஹிதோமாருமாயே என்ற சின்ன ஸ்டேஷனின் பிளாட்பாரத்திலேயே அந்தக் கோட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம் வைத்து எல்லோரையும் போல நானும் படம் எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் மேலே ஏறினால் கோட்டின் மேலேயே கட்டிய கோளரங்கம். 1960இல் திறந்தது, உச்சியில் பெரிய கடிகாரம். 1995 ஜனவரி 17 பூகம்பத்தில் அந்தக் கடிகாரம் 5:46க்கு நின்றது. உள்ளே கிழக்கு ஜெர்மனியில் சைஸ் (Zeiss) நிறுவனம் செய்த பழைய கருவி தப்பிவிட்டது, இன்றும் அதுதான் நட்சத்திரம் காட்டுகிறது.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் நின்று என் நிழலைப் பார்த்தேன். நேர் வடக்கே விழ வேண்டும் அல்லவா? விழவில்லை, கொஞ்சம் மேற்கே சாய்ந்திருந்தது. கோளரங்க ஊழியர் ஒருவர் சிரித்துக்கொண்டே, ஜனவரி கடைசியில் சூரியன் பதின்மூன்று நிமிடம் தாமதம், பொறுங்கள் என்றார். பொறுத்தேன். 12:13க்கு நிழல் கோட்டின் மேல் வந்து படுத்தது. சூரியன் குதிரையில், என் தலையின் நிழல் எலியில். குளிரில் மூக்கு ஒழுக இதற்காக நின்ற ஒரே ஆள் நான்தான். மருமகள் உள்ளே போய் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் மீன் சந்தைக்குள் போய் அகாஷியாகி சாப்பிட்டோம். குழிப்பணியாரம் மாதிரி முட்டை உருண்டை, உள்ளே ஆக்டோபஸ் துண்டு, சூடான தாஷி ரசத்தில் முக்கித் தின்ன வேண்டும். மாலைச் சிற்றுண்டிக்கு இங்கே ஒயாட்ஸு என்று பெயர், எட்டு என்று பொருள். குதிரைப் பொழுதுக்கு ஒன்பது முறை மணி அடித்து, அடுத்த ஆட்டுப் பொழுதுக்கு எட்டு அடிப்பார்களாம், அந்த எட்டுக்குத் தின்பது. மணிக் கணக்கு போய்விட்டது, தின்பது போகவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு. ஃபுஷிமி இனாரி

நாளுக்கும் பன்னிரண்டு விலங்கு உண்டு. பிப்ரவரியில் வரும் முதல் குதிரை நாள் ஹட்ஸு உமா. இன்று அதுதான், அதுவும் குதிரை ஆண்டில், போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை. கூட்டத்தைப் பற்றி வேறு சொல்ல வேண்டுமா?

711ஆம் ஆண்டு இதே ஹட்ஸு உமா நாளில் இனாரிக் கடவுள் இந்த மலையில் இறங்கியதாக ஐதீகம். ஹாதா குடும்பத்துப் பணக்காரர் ஒருவர் மோச்சி என்ற அரிசி உருண்டையைக் குறியாக வைத்து அம்பு விட, மோச்சி வெள்ளைப் பறவையாகிப் பறந்துபோய் மலையுச்சியில் உட்கார்ந்தது, அங்கே நெல் விளைந்தது. 'இனே' என்றால் நெல். அதிலிருந்து இனாரி. ஆக, குதிரை நாளில் கொண்டாடுவது நெல் கடவுளை, பார்க்கும் இடமெல்லாம் நிற்பது நரி. குதிரையைத் தேடி வந்த எனக்கு இங்கே கிடைத்தது நாளின் பெயர் மட்டும்தான்.

ஷிருஷி நோ சுகி என்று சுகி மரத்தின் இலைக் கொத்தை இன்று பிரசாதம் போலக் கொடுக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் யாத்திரை போனவர்கள் இந்த மலையில் சுகிக் கிளை ஒடித்து உடம்பில் செருகிக்கொண்டார்கள், அதன் மிச்சம். வாங்கி என் தோள் பையில் செருகினேன்.

மலை 233 மீட்டர்தான். சிவப்புத் தோரணங்களுக்கு அடியில் பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. அரசவைப் பெண்மணி செய் ஷோனாகோன் ஆயிரம் ஆண்டுக்கு முன் இதே குதிரை நாளில் இதே மலையில் ஏறி, பாதியில் அழாக்குறையாக உட்கார்ந்திருக்கிறார். அப்போது நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் சாதாரண உடையில் விறுவிறுவென இறங்கி வந்து, இன்று ஏழு முறை ஏறப்போகிறேன், மூன்று ஆகிவிட்டது, மீதி நாலு ஒன்றும் பெரிசில்லை, ஆட்டுப் பொழுதுக்குள் முடித்துவிடுவேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனாளாம். அவளைப் பார்த்து ஷோனாகோனுக்கு ஒரே பொறாமை. பெயர் தெரியாத அந்தப் பெண்ணைவிட எனக்கு வயது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஒருமுறை ஏறினேன். போதும்.

கீழே வந்து இனாரி சூஷி. இனிப்பாக வேகவைத்த தோஃபுப் பையில் சோறு. இந்தக் கன்சாய்ப் பகுதியில் அதை முக்கோணமாகத்தான் மடிப்பார்கள், நரிக் காது போல. டோக்கியோ பக்கம் நீளப் பெட்டி. என் மருமகள் இதில் முழுக் கன்சாய்க்காரியாக மாறிவிட்டாள், நீளப் பெட்டியைப் பற்றிப் பேசவே மறுக்கிறாள்.

பிப்ரவரி 2, திங்கள். விடுதியில்

காலையிலிருந்து தூறல், எங்கும் போகவில்லை. சாப்பிட்டு முடித்ததும் ஒகாமிசான் டீ ஊற்றிக்கொண்டே, நாங்கள் என்ன விலங்கு என்று அவரே கேட்டார். குதிரை, இரண்டு பேரும் என்றோம். "நானும்தான்" என்றார். 1990 என்றால் வயது ஒத்துவராது, 1954 என்றாலும் இல்லை. நான் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்திருக்கும். "ஆமாம், அந்த வருஷம்தான்" என்று சிரித்தார். அதற்குப் பிறகு மருமகள் என் காலை மிதிப்பதை விட்டுவிட்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தாள்.

குதிரைக்கே நெருப்பு குணம். அதோடு நெருப்பு அண்ணனும் சேர்ந்தால் நெருப்பின் மேல் நெருப்பு. முதலில் அந்த ஆண்டில் ஊர் பற்றி எரியும் என்றுதான் பயந்தார்கள். டோக்கியோவுக்கு எதோ என்று பெயர் இருந்த காலத்தில் அது பெண்கள் மேல் வந்து ஏறியது. ஹினோஎ உமாவில் பிறந்தவள் கணவனை முழுங்கிவிடுவாள் என்றார்கள். இதற்கு ஓஷிச்சியின் கதையையும் சேர்த்துக்கொண்டார்கள். எதோவில் காய்கறி வியாபாரியின் மகள். ஒரு தீ விபத்தில் குடும்பம் கோயிலில் தஞ்சம் புக, அங்கிருந்த இளைஞன் மேல் காதல். மறுபடி தீப்பிடித்தால் மறுபடி அவனைப் பார்க்கலாமே என்று தானே தீ வைத்தாள். 1683இல் அவளை உயிரோடு எரித்தார்கள். மூன்றே ஆண்டில் இஹாரா சாய்காகு அவளைக் கதையாக்கினார். பிறகு வந்த பொம்மலாட்ட நாடகக்காரர்கள் அவள் 1666, ஹினோஎ உமாவில் பிறந்தவள் என்று சேர்த்துவிட்டார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. சாகும்போது பதினாறு என்ற வழக்கமான கணக்கில் பார்த்தாலும் ஆண்டு இடிக்கிறது. ஆனால் மேடையில் பார்த்தது மனதில் நின்றுவிட்டது.

இதெல்லாம் பழைய கதை என்றால் பரவாயில்லை. 1965இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் 18,23,697. 1966இல் 13,60,974. 1967இல் 19,35,647. புல்லட் ரயில் ஓட ஆரம்பித்து, டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்து முடிந்து, வீட்டுக்கு வீடு டிவி வந்த பிறகு, நாலில் ஒரு பிள்ளை பிறக்காமல் போனது. போர் இல்லை, பஞ்சம் இல்லை. ஒரு பெயர், அவ்வளவுதான்.

ஒகாமிசான் பிறந்தது 1966 டிசம்பரில். இரண்டு வாரம் பொறுத்து ஜனவரி என்று பதிந்துவிடு என்று உறவுக்காரர்கள் எல்லோரும் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் மசியவில்லை. "என் மகளின் முதல் காகிதத்திலேயே பொய் எழுதமாட்டேன்" என்றாராம். பள்ளியில் இவர்களுக்கு மேல் வகுப்பில் நாலு பிரிவு, கீழ் வகுப்பிலும் நாலு, இவர்கள் மட்டும் மூன்று. பரீட்சையில் போட்டி குறைவு, அதுதான் நெருப்புக் குதிரையின் லாபம் என்றார். கல்யாணப் பேச்சு வந்தபோது பையனின் பாட்டி மட்டும் ஆண்டைக் கேட்டுவிட்டு ஒரு மாதம் பேசவில்லையாம்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, முப்பத்தைந்து வருஷமாக முழுங்கிப் பார்க்கிறேன், முடியவில்லை. உள்ளே மீன் சுட்டுக்கொண்டிருக்கிறார்."

சமையலறையிலிருந்து ஓர் இருமல் கேட்டது.

நானும் என் கதையைச் சொன்னேன். எனக்கு மூல நட்சத்திரம். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம். பெண்ணுக்கு மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாது. ஏழு வருடம் என் ஜாதகம் போன வேகத்தில் திரும்பி வந்தது. கடைசியில் தரகர் ஒரு வழி கண்டுபிடித்தார்: மாமனார் ஏற்கெனவே இல்லாத வீடாகப் பார்த்தார். மருமகள் இதை மொழிபெயர்க்கும்போது இரண்டு முறை நிறுத்தி, "நிஜமாவா அத்தை?" என்றாள். அவளுக்கு யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. ஒகாமிசான் கொஞ்ச நேரம் டீக் கோப்பையைப் பார்த்துவிட்டு, "அந்தத் தரகர் கெட்டிக்காரர்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

இந்த ஆண்டு எப்படிப் போகும் என்று கேட்டேன். பயப்படுவதற்கே ஆள் வேண்டுமே என்றார். 2024இல் ஜப்பானில் பிறந்தது மொத்தமே சுமார் 6,86,000. எல்லோரும் பயந்து நடுங்கிய 1966இல் பிறந்ததில் அது பாதிதான்.

பிப்ரவரி 3, செவ்வாய். செட்சுபுன்

நாளைக்கு வசந்தம் பிறக்கிறது என்று கணக்கு, அதனால் இன்று பேயை விரட்டும் நாள். காலையில் பக்கத்து யோஷிதா கோயில் போய் வந்தோம், வழி நெடுகக் கடை. வறுத்த சோயா பயறு ஒரு பை வாங்கினோம்.

பயறு எறிய அந்த ஆண்டின் விலங்குக்காரர்களை அழைப்பது வழக்கம். இந்த வீட்டில் இன்று மூன்று பேருக்குத் தகுதி. மிச்சம் இருந்தவர் ஒருவர்தான், ஆகவே அட்டையில் செய்த சிவப்புப் பேய் முகமூடி அவருக்கு. சமையல்காரக் கணவர் முகமூடியோடு வாசலில் வந்து உறுமினார், பாவம், உறுமல் சரியாக வரவில்லை. "ஓனி வா சோதோ!" பேய் வெளியே. "ஃபுகு வா உச்சி!" நன்மை உள்ளே. மருமகள் மெதுவாக எறிந்தாள், நான் நடுத்தரமாக. ஒகாமிசான் எறிந்த வேகத்தில் அவர் தெருவுக்கே ஓடி, எதிர்வீட்டுச் சைக்கிளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

பிறகு வயதுக்கு ஒன்று கூட்டிப் பயறு எண்ணித் தின்ன வேண்டும். மருமகளுக்கு இருபத்தைந்து. எனக்கு நாற்பத்தெட்டு, பல் வலிக்கிறது. ஒகாமிசானுக்கு டிசம்பரில்தான் அறுபது முடியும், ஆனால் இன்றைய கணக்குக்கு அறுபது. பத்துப் பத்தாக ஆறு குவியல் வைத்துவிட்டு, சிவப்புச் சட்டையை மகன் இப்போதே வாங்கி வைத்திருக்கிறான், நான் போடப்போவதில்லை என்றார்.

கடைசியில் எஹோமாகி. முழு நீள சூஷிச் சுருள், வெட்டக்கூடாது. இந்த ஆண்டின் நல்ல திசையைப் பார்த்து உட்கார்ந்து, தின்று முடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. திசை தென்தென்கிழக்கு, குதிரையின் தெற்குக்குப் பக்கத்து வீடு. மருமகள் போனில் திசைகாட்டி வைத்துப் பார்த்தாள், அது நேராக ஃபிரிட்ஜைக் காட்டியது. நாலு பேரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, ஃபிரிட்ஜைப் பார்த்தபடி மென்றோம். கணவர் முதலில் முடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, அரிசி கொஞ்சம் கெட்டியாகிவிட்டதோ என்று ஆரம்பித்தார். ஒகாமிசான் வாய் நிறைய சூஷியோடு, திரும்பிப் பார்க்காமலே, அவர் முழங்காலில் ஓர் அடி வைத்தார்.